குளோ எஞ்சினுக்கு என்ன எரிபொருள், என்ன எண்ணெய்? மாதிரி விமானம் தொடங்குபவர்களுக்கான விளக்கம்

மாதிரி விமான எஞ்சினுக்கான எரிபொருள் கேனைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது நைட்ரோ, அதாவது சக்தி கூட்டச் சேர்க்கும் நைட்ரோமீத்தேன், எத்தனை சதவீதம் என்பதுதான். 5, 10, 15, 30 என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். புதிதாகப் பறக்கவிட வருபவர்களும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள். எஞ்சின் ஒரு சீசன் ஓடுமா, பல ஆண்டு ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும் எண் அதே கேனின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது: எண்ணெய் எத்தனை சதவீதம், அது எந்த எண்ணெய். சில கேன்களில் அதை அச்சிடுவதே இல்லை. எண்ணெய் அளவைச் சொல்லாத கேனை வாங்காதீர்கள்.

கீழே உள்ளதில் பெரும்பகுதி குளோ எஞ்சினைப் பற்றியது. பெட்ரோல், டீசல் எஞ்சின்களுக்கு வேண்டியதைக் கடைசியில் சொல்கிறோம்.

எந்த எஞ்சின் என்று முதலில் பாருங்கள்

எஞ்சினின் தலையில் ஒரு சின்ன பிளக் இருந்து, அதற்கு 1.5 வோல்ட் பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்தபின் பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் ஓடிக்கொண்டிருந்தால் அது குளோ எஞ்சின். ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் பெட்டியும் இருந்தால் பெட்ரோல் எஞ்சின். பிளக்கே இல்லாமல் தலைமேல் கையால் திருகும் திருகு ஒன்று மட்டும் இருந்தால் டீசல். ஒன்றின் எரிபொருளை இன்னொன்றில் ஊற்ற முடியாது. எரியும் முறையே வேறு.

குளோ பிளக்கை அமெரிக்காவில் ரே ஆர்டன் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் விமானம் சுமக்க வேண்டியிருந்தது. குளோ பிளக்கில் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றுதான் இருக்கிறது. பேட்டரியால் ஒருமுறை சூடாக்கினால் போதும். பிறகு எரிபொருளிலுள்ள மெத்தனால் என்ற ஆல்கஹாலின் ஆவி பிளாட்டினத்தின் மேற்பரப்பில் வினைபுரிந்து வெப்பம் தருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் எரியும் வெப்பமும் சேர்கிறது, சுருள் தானாகவே தகதகவென்று இருக்கிறது. பெட்ரோல் ஆவியால் இந்த வேலை நடக்காது. குளோ எரிபொருளுக்கு மெத்தனால் அடிப்படையாக இருப்பது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குளோ எஞ்சினில் 'எப்போது எரிய வேண்டும்' என்று சொல்ல டைமிங் கருவி எதுவும் கிடையாது. கம்ப்ரெஷன் எவ்வளவு, பிளக் எவ்வளவு சூடான வகை, எரிபொருளில் என்ன கலந்திருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. எரிபொருளை மாற்றும்போது டைமிங்கையும் மாற்றுகிறீர்கள்.

மெத்தனாலும் நைட்ரோவும்

மெத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கிலோவுக்குக் கணக்கிட்டால் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. சின்னஞ்சிறு காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் நிமிடத்துக்கு 12,000, 15,000 சுற்றில் ஓடியும் உருகாமல் இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதன் குறை, காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. மூடி திறந்து கிடந்த கேனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேரும். அப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும், எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகை எங்கே வைத்தாலும் நிலைக்காது, மெதுவான ஓட்டத்தில் அணையும், பேரிங் துருப்பிடிக்கும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய எஞ்சின் இன்று தகராறு செய்தால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அடுத்து புதுக் கேன் எரிபொருளில் ஓட்டிப் பாருங்கள்.

நைட்ரோமீத்தேனின் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.45 கிலோ. நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. கிலோவுக்கு அதன் வெப்ப ஆற்றல் 11 மெகாஜூல் அளவுதான், மெத்தனாலில் 20. ஆனால் எஞ்சின் ஒரு சுற்றில் உறிஞ்சும் காற்று இவ்வளவுதான் என்று வரையறை இருக்கிறது. அதே காற்றுக்கு மெத்தனால் 3.1 பங்கு ஆற்றல் தந்தால் நைட்ரோ 6.6 பங்கு தரும். இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கேற்ப அதிக எரிபொருளும் உள்ளே போக வேண்டும் என்பதால் நைட்ரோ கூடக் கூட நீடிலை இன்னும் திறக்க வேண்டியிருக்கும், டேங்க் சீக்கிரம் காலியாகும்.

பயிற்சி விமானத்துக்கு நைட்ரோ தரும் உண்மையான உதவி வேகம் அல்ல. மெதுவான ஓட்டத்தில் அணையாமல் இருப்பதும், நீடில் அமைப்பில் கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்வதும்தான். கன அங்குலக் கணக்கில் .40, .46 அளவு, அதாவது 6.5 முதல் 7.5 சி.சி. வரையுள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 5 முதல் 10 சதவீதம் தாராளம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிதல் நடக்கிறது, இடையில் பிளக் ஆறிவிடும். அதனால் 10 முதல் 15 சதவீதமும், ஓ.எஸ். நிறுவனத்தின் எஃப் வகை போன்ற சூடான பிளக்கும் வேண்டும். சின்னஞ்சிறு .049 காக்ஸ் எஞ்சின்கள் 25 சதவீதம் வரை கேட்கும். மறுமுனையில், உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ நடத்தும் போட்டிகளின் சில பிரிவுகளில் நைட்ரோவே இல்லாமல் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய் என்ற கலவைதான் விதி. இந்தக் கலவையில் கட்டுக்கோப்பாக ஓடும் எஞ்சின்கள் ஏராளம். ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்ட பழைய எஞ்சின்கள் பலவற்றில் கம்ப்ரெஷன் அதிகம். அவற்றுக்கு 0 முதல் 5 சதவீதமே சரி.

அந்த மாதிரி எஞ்சினில் 20 சதவீத நைட்ரோவை ஊற்றினால் எரிதல் நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். முழு வேகத்தில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சடசடவென்று ஒலி கேட்கும், பிளக் கம்பி அறுந்து போகும், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் அடி வாங்கும். தலைக்கு அடியில் 0.1 அல்லது 0.2 மி.மீ. கூடுதல் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைத்துக் கம்ப்ரெஷனைக் குறைத்தால் இது தீரும். தொடங்குபவர் இந்த வேலையில் இறங்குவதைவிட நைட்ரோவைக் குறைப்பதே எளிது.

எண்ணெய்

டூ ஸ்ட்ரோக் பைக்கின் 2டி எண்ணெய் பெட்ரோலில் 2 சதவீதம் போதும்போது குளோ எஞ்சினுக்கு ஏன் 18, 20 சதவீதம் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இந்த எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனிப் பம்போ தொட்டியோ கிடையாது. எரிபொருளோடு உள்ளே வரும் எண்ணெய்தான் கிராங்க் ஷாஃப்டையும் கனெக்டிங் ராடின் இரு முனைகளையும் பிஸ்டனையும் நனைக்க வேண்டும். உரசல் உண்டாக்கும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு சைலன்சர் வழியாக வெளியே போவதும் அதன் வேலை. பறந்து இறங்கிய விமானத்தின் வயிற்றில் எண்ணெய் வழிவது இதனால்தான். அதைத் துடைக்கச் சோம்பி எண்ணெய் குறைந்த எரிபொருளை வாங்காதீர்கள். கனெக்டிங் ராடின் கீழ்முனையில் பெரும்பாலும் ஒரு வெண்கல வளையம் (புஷ்) தான் இருக்கிறது, ரோலர் பேரிங் கிடையாது. முதலில் தேய்வது அதுதான்.

எண்ணெயில் இரண்டு குலம் உண்டு. ஒன்று விளக்கெண்ணெய், இன்னொன்று சிந்தெடிக்.

விளக்கெண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியால் இரண்டு நன்மைகள்: எண்ணெய் உலோகத்தோடு இறுக ஒட்டுகிறது, மற்ற தாவர எண்ணெய்கள் செய்யாத காரியமாக ஆல்கஹாலில் முழுக்கக் கரைகிறது. சூடு ஏறும்போது விளக்கெண்ணெய் ஆவியாகி ஓடிவிடாமல் இன்னும் கெட்டியான பொருளாக மாறி, கொஞ்ச நேரம் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. காற்றுக்கு ஏற்ற எரிபொருள் வராமல் லீன் ஆகி எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடும் அந்த அரை நிமிடத்தில் இதுதான் எஞ்சினைப் பிழைக்க வைக்கும். முதல் உலகப் போரின் லெ ரோன், நோம் போன்ற சுழல் எஞ்சின்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின. அங்கே பெட்ரோலில் எளிதில் கரையாத குணம் உதவியது.

அதே கெட்டியாகும் குணம்தான் அதன் தீமையும். பழுப்பு நிற வார்னிஷ் பிஸ்டனிலும் சிலிண்டர் தலையிலும் படியும். பல மாதம் சும்மா கிடந்தால் எஞ்சின் பிசின் பிடித்து அசையாமல் நின்றுவிடும். அப்படி நின்றதை பிராப்பெல்லரைப் பிடித்து முறுக்கித் திறக்கப் பார்த்தால் கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி, ஹேர் டிரையரால் சிலிண்டரை நன்றாகச் சூடாக்கி, சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

சிந்தெடிக் எண்ணெய்களில் பெரும்பாலானவை பாலிஆல்கைலீன் கிளைக்கால் வகை. வார்னிஷ் விடாமல் சுத்தமாக ஓடும். துரு தடுக்கும் சேர்மானங்கள் சிலவற்றில் உண்டு. எஞ்சின் சரியான வெப்பத்தில் ஓடும்வரை உராய்வைக் குறைப்பதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் லீன் ஓட்டத்தில் வெப்பம் ஒரு எல்லையைத் தாண்டினால் எரிந்து போய்விடும், பிஸ்டன் வறண்டு உரசும். தொடங்குபவர்தான் நீடிலைத் தவறாக வைப்பார். அதனால் முழுக்க சிந்தெடிக் எண்ணெய் உள்ள எரிபொருளைத் தொடங்குபவருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மொத்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்காவது விளக்கெண்ணெய் இருக்கட்டும். பாதிக்குப் பாதி என்றால் மனநிம்மதி.

இதை உங்கள் எஞ்சினோடு பொருத்திப் பாருங்கள். பிஸ்டன் இரும்பு, சிலிண்டர் எஃகு என்றிருக்கும் பழைய எஞ்சின்கள், காக்ஸ் உட்பட, 20 முதல் 25 சதவீத எண்ணெய் கேட்பவை, அதில் பாதிக்குக் குறையாமல் விளக்கெண்ணெயாக இருக்க வேண்டும். உருண்டை பேரிங் இல்லாமல் வெறும் புஷ்ஷில் ஓடும் எஞ்சினுக்கும் இதுவே. ஏபிசி என்றால் அலுமினிய பிஸ்டன், உட்புறம் குரோம் பூசிய பித்தளைச் சிலிண்டர். ஏபிஎன்னில் குரோமுக்குப் பதில் நிக்கல். இவற்றுக்கும், பிஸ்டன் ரிங் வைத்த எஞ்சின்களுக்கும் 18 முதல் 20 சதவீதக் கலப்பு எண்ணெய் சரியாக இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 15 முதல் 20. அதில் விளக்கெண்ணெய் சிறிதளவு போதும், அதிகமானால் வால்வுத் தண்டில் வார்னிஷ் பிடிக்கும். எதிலும் கடைசி வார்த்தை எஞ்சினோடு வந்த கையேட்டுக்கே.

ரிமோட் கார்களுக்கான நைட்ரோ எரிபொருளும் இதே கடைகளில் கிடைக்கும், பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அதில் எண்ணெய் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம்தான். கார் எஞ்சின் முடுக்கமும் தளர்வுமாக ஓடுகிறது. விமான எஞ்சின் நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் நிற்கிறது. கார் எரிபொருளை விமானத்தில் ஊற்றாதீர்கள்.

பைக்குக்கான 2டி எண்ணெய் பற்றியும் அழுத்திச் சொல்ல வேண்டும். கனிம எண்ணெய் மெத்தனாலில் கரையாது. குலுக்கினால் பால் போலக் கலங்கும், சற்று நேரத்தில் பிரிந்து நிற்கும். பிரிந்தபின் டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெயே இல்லாத மெத்தனால் போகும் நேரம் வரும். சில நொடிகளில் பிஸ்டன் கீறிவிடும்.

விளக்கெண்ணெய் வாங்கும்போது

உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். நம் ஊரில் தட்டுப்பாடில்லாத பொருள்தான், தரத்தைத்தான் பார்க்க வேண்டும். வேண்டியது பசை நீக்கிய, வெளிறிய, முதல் பிழிவு எண்ணெய். மருந்துத் தரமும் சரி. கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுக்கும் நாட்டு விளக்கெண்ணெய் உடம்புக்கு எவ்வளவு நல்லதானாலும் எஞ்சினுக்கு ஆகாது. ஈரமும் பசையும் அதில் தங்கியிருக்கும், எரிந்தால் கரி பிடிக்கும். தீப எண்ணெய் என்று விற்பவை பல எண்ணெய்களின் கலவை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கலப்படம் இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் 10 மி.லி. எண்ணெயும் 40 மி.லி. ஈரமில்லாத மெத்தனாலும் ஊற்றிக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். சுத்தமான விளக்கெண்ணெய் என்றால் முழுதும் தெளிவாக, ஒரே திரவமாக நிற்கும். பாமாயிலோ வேறு சமையல் எண்ணெயோ கனிம எண்ணெயோ கலந்திருந்தால் கலங்கலாகும், அல்லது துளிகளாகப் பிரிந்து அடியிலோ மேலோ தங்கும்.

சொந்தமாகக் கலப்பது

முதல் சில மாதங்களுக்குத் தயாராகக் கலந்த எரிபொருளை வாங்குங்கள். எஞ்சின் ஓடாவிட்டால் சந்தேகப்பட வேண்டிய காரணங்களில் ஒன்று குறையும். மெத்தனால் கடும் விஷம் என்பதால் இந்தியாவில் அதன் விற்பனையும் இருப்பும் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ளன. விமான மாதிரி மன்றங்கள் வழியாகவோ உரிமம் உள்ள விற்பனையாளரிடமோதான் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல், எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் உரிமமின்றி வாங்க முடியாது. அங்கே வாழும் வாசகர்கள் 10 சதவீதக் கலவையோடு நிற்பது வசதி.

நைட்ரோ இல்லாத ஒரு லிட்டருக்கு 800 மி.லி. மெத்தனால், 200 மி.லி. விளக்கெண்ணெய். ஐந்து சதவீத நைட்ரோவும் 20 சதவீத எண்ணெயும் கொண்ட ஐந்து லிட்டருக்கு 3,750 மி.லி. மெத்தனால், 250 மி.லி. நைட்ரோ, 500 மி.லி. விளக்கெண்ணெய், 500 மி.லி. சிந்தெடிக். முதலில் கேனில் பாதி மெத்தனாலை ஊற்றி, அதில் விளக்கெண்ணெயைச் சேர்த்துக் குலுக்குங்கள். கரைந்தபின் சிந்தெடிக், பிறகு நைட்ரோ, கடைசியில் மீதி மெத்தனால். அளவுக் குவளையின் சுவரில் விளக்கெண்ணெய் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்; அளந்து வைத்த மெத்தனாலில் கொஞ்சம் விட்டு அலசி, அதையும் கேனிலேயே ஊற்றுங்கள். ஒருநாள் அசையாமல் வைத்து, அடியில் படிவு இல்லை என்று பார்த்தபின் நுண்சல்லடை வழியாக வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

சதவீதம் கன அளவிலா, எடையிலா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெத்தனால் மில்லிலிட்டருக்கு 0.79 கிராம், விளக்கெண்ணெய் 0.96, நைட்ரோமீத்தேன் 1.14. கன அளவில் 15 சதவீத நைட்ரோவும் 18 சதவீத எண்ணெயும் உள்ள ஒரு லிட்டரை எடைபோட்டால் நைட்ரோ ஏறக்குறைய 19.5 சதவீதமாகவும் எண்ணெய் 19.8 ஆகவும் வரும். ஒருவர் எடையில் '20 சதவீத எண்ணெய்' என்று எழுதியிருந்தால் கன அளவில் அது ஏறக்குறைய 18தான். இரு நண்பர்கள் ஒரே எண்ணைச் சொல்லி வேறு வேறு எரிபொருள் ஓட்டுவது இப்படித்தான்.

ஓட்டும்போது கவனிக்க

எரிபொருளை மாற்றினால் நீடிலை முதலிலிருந்து அமைக்க வேண்டும். எண்ணெய் கூடினால் அதே துளை வழியே வரும் மெத்தனால் குறைகிறது, திரவமும் தடிமனாகிறது. எஞ்சின் லீன் பக்கம் போகும். அதனால் எந்த மாற்றத்துக்குப் பிறகும் நீடிலை அரைச் சுற்று கூடுதலாகத் திறந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

முழுத் த்ராட்டிலில் ரிச்சாக, அதாவது எரிபொருள் தேவைக்கு அதிகமாக இருக்கும்போது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் எரியும். ஒலி கனத்து, பாதித் தாளத்தில் இருக்கும். நீடிலை மூடிக்கொண்டே வந்தால் ஒலி சட்டென்று கூர்மையாகி வேகம் ஏறும். இன்னும் மூடினால் உச்சத்தைத் தொட்டு, பிறகு தளரத் தொடங்கும். உச்சத்தைக் கண்டுகொண்டு, அதிலிருந்து 200 முதல் 300 சுற்று குறையும்வரை மீண்டும் திறந்து வையுங்கள். விமானத்தின் மூக்கை மேல்நோக்கித் தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். வேகம் கொஞ்சம் ஏறி நிலைத்தால் சரி, தளர்ந்தால் லீன். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை கோடாகத் தொடர்ந்து வர வேண்டும். புகையே இல்லாமல் வேகமாகப் பறக்கும் விமானத்தை உடனே த்ராட்டில் குறைத்து இறக்குங்கள்.

விமானம் இறங்கியதும் அதில் வழிந்திருக்கும் எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். தெளிந்த தேன் நிறம் நல்லது. கருப்பாக, உலோகப் பளபளப்போடு வந்தால் ஏதோ தேய்கிறது. புது எஞ்சினில் முதல் ஓட்டங்களில் கொஞ்சம் சாம்பல் நிறம் வருவது இயல்பு.

புது எஞ்சினைப் பழக்கும் முறையும் உலோகத்தைப் பொறுத்தது. ரிங் வைத்த எஞ்சினையும் இரும்பு பிஸ்டன் எஞ்சினையும் நல்ல ரிச்சாக, குளிர்ச்சியாக, குறுகிய ஓட்டங்களாக ஓட்டி ஆறவிட வேண்டும். ஏபிசி எஞ்சினுக்கு அதே முறை கெடுதல். அதன் சிலிண்டர் மேற்புறம் ஒடுங்கியது. குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் மேலே இறுகும், சூடேறினால்தான் சிலிண்டர் விரிந்து சரியான இடைவெளி வரும். அதை எச்சில் ஒழுகும் அளவுக்கு ரிச்சாகக் குளிரக் குளிர ஓட்டினால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து பிடிப்புப் போய்விடும். கூர்மையான ஒலி வந்து, சற்றே ரிச் பக்கம் நிற்கும்படி இரண்டு மூன்று நிமிட ஓட்டம், முழுதாக ஆறுதல், மறுபடி ஓட்டம் என்று செய்யுங்கள். மிக இறுக்கமான எஞ்சினை ஸ்டார்ட்டர் போடுவதற்கு முன் ஹேர் டிரையரால் சூடாக்குவது கனெக்டிங் ராடைக் காப்பாற்றும்.

நாளின் கடைசிப் பறத்தலுக்குப் பிறகு எரிபொருளை எஞ்சினுக்குள் விட்டுவைக்காதீர்கள். மெத்தனால் அரைகுறையாக எரியும்போது ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது, மீந்த மெத்தனால் ஈரம் இழுக்கிறது. பின்பக்க பேரிங் ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிடும். டேங்கை வடித்துவிட்டு, எரிபொருள் குழாயைக் கழற்றி, பிளக்குக்கு பேட்டரி கொடுத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை மெது ஓட்டத்தில் விடுங்கள். இன்னும் ஓரிரு முறை ஸ்டார்ட் செய்தால் மிச்சமும் எரிந்துவிடும். பிறகு கார்புரேட்டர் வழியே ஐந்தாறு சொட்டு ஏர் டூல் (காற்றழுத்தக் கருவி) எண்ணெய், பிளக் துளை வழியே இரண்டு சொட்டு விட்டு, கையால் பலமுறை சுற்றிவிட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸின் மூச்சுக் குழாய் வழியாகவும் சில சொட்டுகள் தேவை, ஏனென்றால் அங்கே புதிய எரிபொருள் நேராகப் போவதில்லை.

பெட்ரோல் எஞ்சின்கள்

20 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய மாதிரிகளில் டிஎல்இ, ஜெனோவா போன்ற பெட்ரோல் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள்தான் அதிகம். எண்ணெய் விகிதம் 30:1 என்றால் லிட்டருக்கு 33 மி.லி., 40:1 என்றால் 25, 50:1 என்றால் 20. கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். பழக்கும் காலத்துக்குத் தனி விகிதம் சொல்லியிருந்தால் அதையும். எண்ணெய் டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தின் எஃப்சி அல்லது எஃப்டி முத்திரை இருக்க வேண்டும். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பது தண்ணீர்க் குளிர்ச்சிப் படகு எஞ்சினுக்கானது. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினின் வெப்பத்துக்கு ஏற்றதல்ல. கார், பைக்கின் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலும் இதற்குரியதல்ல.

இந்தியாவில் இப்போது பம்பில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும் என்பதால், பழைய பெட்ரோலுக்கு அமைத்த நீடிலில் இந்தப் பெட்ரோல் லீனாக ஓடும்; கார்புரேட்டரின் இரண்டு நீடில்களையும் (முழு வேகத்துக்கு ஒன்று, மெது ஓட்டத்துக்கு ஒன்று) சிறிது திறந்து மறுபடி அமைக்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும். கார்புரேட்டர் டயஃப்ரம் விறைத்துப் போவதும் இந்தக் கலவையில் விரைவாக நடக்கும். கலந்த பெட்ரோலை ஓரிரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொரு நாளும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். எத்தனால் எவ்வளவு என்று அளக்க, 100 மி.லி. அளவு உருளையில் 20 மி.லி. தண்ணீரும் 80 மி.லி. எண்ணெய் கலக்காத பெட்ரோலும் ஊற்றி, குலுக்கி நிறுத்துங்கள். அடியிலுள்ள தண்ணீர் அடுக்கு 20லிருந்து 36 மி.லி.க்கு ஏறினால் எத்தனால் 20 சதவீதம். 28 என்றால் 10 சதவீதம்.

குழாயும் மாறும். குளோ எரிபொருளுக்குச் சிலிக்கோன் குழாய் நல்லது. பெட்ரோலில் அது உப்பி இளகிவிடும். டைகான் வகைக் குழாயும் பெட்ரோலுக்கான டேங்க் அடைப்பானும் வேண்டும்.

டீசல் பற்றிச் சுருக்கமாக

மாதிரி டீசலுக்கு பம்பில் விற்கும் டீசல் உதவாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு என்பது பழைய, இன்றும் செல்லும் கலவை; அதோடு 1.5 முதல் 2 சதவீதம் அமைல் நைட்ரேட் அல்லது ஐசோபுரோப்பைல் நைட்ரேட் சேர்த்தால் ஓட்டம் சீராகும். அழுத்தத்தின் சூட்டிலேயே தீப்பற்றுவது ஈதர். விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயில் சரியாகக் கரையாது, ஈதர்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. எனவே விளக்கெண்ணெயை முதலில் ஈதரில் கரைத்து, பிறகே மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். மூடி சரியாக இல்லாத புட்டியிலிருந்து ஈதர் பறந்துவிடும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, எண்ணெயும் பிரியும். ஈதர் ஆவி தரையோடு தவழ்ந்து தூரத்திலுள்ள நெருப்பையும் எட்டும். வீட்டுக்குள் கலக்கவே கூடாது.

வைப்பதும் கையாள்வதும்

குளோ எரிபொருளை இறுக மூடிய உலோகக் கேனிலோ தடித்த ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் கேனிலோ, வெயில் படாத, குளிர்ந்த இடத்தில், சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பாதிக்கும் கீழே குறைந்த கேனில் காற்றும் அதன் ஈரமும் அதிகம்; மீதியைச் சின்னக் கேனுக்கு மாற்றிவிடுங்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது. கேனின்மேல் 'மெத்தனால், விஷம்' என்று தமிழில் பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். 30 மி.லி. மெத்தனால் உயிரைப் பறிக்கலாம், அதைவிடக் குறைந்த அளவே பார்வையைப் பறிக்கும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடம்பில் ஏறும். குழாயில் வாய் வைத்து உறிஞ்சி டேங்கை நிரப்பும் பழக்கம் உள்ளவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் சிந்திய இடத்தில் காற்று அலையாடினாலோ கை சுட்டாலோ தீப்பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மெத்தனால் தண்ணீரில் கலப்பதால் அணைந்துவிடும். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தூள் தீயணைப்பான் வேண்டும். கண்ணில் எரிபொருள் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டு அலசிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஒரு வாய் உள்ளே போய்விட்டால், ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றினாலும் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மெத்தனாலின் பாதிப்பு பல மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். உள்ளே போனது மெத்தனால் என்பதை வாசலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள், எரிபொருள் கேனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.